எம்போரியாவின் ஆசிரியர் எதிர்த்தது புரட்டையா, மக்களையா?

வாசகர் ஒருவரின் கருத்து, ஜூன் 4

வெகுஜனக் கவர்ச்சி அரசியலை ஒரு பத்திரிகை ஆசிரியர் எப்படி எதிர்க்க வேண்டும் என்பதற்கு, 1896-இல் அமெரிக்கப் பத்திரிகை ஆசிரியர் வில்லியம் ஆலன் வைட் எழுதிய தலையங்கத்தை விடச் சிறந்த முன்மாதிரி கிடையாது. கேன்சஸ் மாநிலத்தின் எம்போரியா என்ற சிற்றூரில் இருந்துகொண்டு, கூட்டத்துக்கு அஞ்சாமல், அந்தக் கூட்டத்தின் முகத்துக்கு நேராகவே எழுதினார். இன்றைய ஆசிரியர்களிடம் அந்தத் துணிவு இல்லை. மறுப்பவர்கள் காரணம் சொல்லட்டும்.

ஜூன் 4, இரவு 9.15

மறுக்கிறேன். ஒரு காலத்தில் அந்தத் தலையங்கத்தின் படியை என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரு நாளிதழின் ஆசிரியர் குழுவில் இருந்தேன். அதில் பதினோரு ஆண்டுகள் தலையங்கம் எழுதுவதே என் பணி. ‘கேன்சஸுக்கு என்ன கேடு?’ என்று கேட்ட அந்தத் தலையங்கம் எழுத்தாற்றலுக்கு முன்மாதிரியே தவிர, நிலைப்பாட்டுக்கு அல்ல. வைட்டின் வாழ்க்கையில் நிலைப்பாட்டைத் தேடுகிறவர்கள் 1924-க்குப் போக வேண்டும். நாளை விவரமாக எழுதுகிறேன்.

ஜூன் 5, காலை 6.50

முதலில் நடந்தது என்ன என்று பார்த்துவிடுவோம். வைட் 1868-இல் எம்போரியாவில் பிறந்தவர். 1895-இல் 3,000 டாலர் கடன் வாங்கி, ‘எம்போரியா கெஜட்’ என்ற சிறு பத்திரிகையை விலைக்கு வாங்கினார். மறு ஆண்டு ஆகஸ்டில், அவருக்கு 28 வயது. அஞ்சலகத்துக்குப் போன வழியில், மக்கள் கட்சியைச் சேர்ந்த சிலர், அதாவது பாப்புலிஸ்டுகள், தெருவில் அவரை வளைத்துக்கொண்டு கேலி பேசினார்கள். கொளுத்தும் வெயில். அங்கே சரியான பதில் வாயில் வராமல், உள்ளுக்குள் கொதித்துக்கொண்டு அலுவலகம் திரும்பி, உட்கார்ந்து, அவர்களை எள்ளி அந்தத் தலையங்கத்தை எழுதினார். எழுதிக் கொடுத்துவிட்டு, மனைவியிடம் செல்லக் கொலராடோவுக்கு ரயில் ஏறினார். ஆகஸ்ட் 15 இதழில் அது வெளிவந்தது. பெருநகரப் பத்திரிகைகள் அதை எடுத்து மறுபதிப்புச் செய்தன. குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர் மெக்கின்லியின் தேர்தல் பொறுப்பாளராக இருந்த மார்க் ஹன்னா, அதைத் தம் கட்சியின் பிரசுரமாக்கி நாடெங்கும் பரப்பினார். சில வாரங்களில் வைட் நாடறிந்த மனிதர் ஆகிவிட்டார்.

தெருவில் பட்ட அவமானத்துக்கான பதிலை மறுநாளோ அதற்கு மறுநாளோ தலையங்கமாக எழுதும் வசதி மற்றவர்களுக்கு இல்லை. ஆசிரியருக்கு மட்டுமே உண்டு. அவரைக் கேலி செய்தவர்களிடம் அச்சு இயந்திரம் இருக்கவில்லை. அந்தத் தலையங்கத்தின் துணிவைப் பற்றிப் பேசும்போது இந்த ஏற்றத்தாழ்வை நாம் எண்ணிப் பார்ப்பதே இல்லை.

ஜூன் 5, இரவு 10.30

யார் அந்தப் பாப்புலிஸ்டுகள் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. இன்று அந்தச் சொல்லை வசையாக மட்டுமே கேட்டுப் பழகியிருக்கிறோம். அன்று அது ஒரு கட்சி தனக்குத் தானே வைத்துக்கொண்ட பெயர்.

1880-களின் நிலச் சூதாட்டம் 1887-க்குப் பிறகு சரிந்தபோது, கேன்சஸ் உழவர்களின் கழுத்தில் அடமானக் கடன் தங்கிவிட்டது. மழை பொய்த்தது, மழை பெய்து விளைந்த ஆண்டிலோ விலை பொய்த்தது. நிலக்கரி வாங்குவதை விட மலிவு என்று குளிர்காலத்தில் மக்காச்சோளத்தையே அடுப்பில் போட்டு எரித்தவர்கள் இருந்தார்கள். சோளத்தை ஏற்றிச் செல்லும் ரயில் நிறுவனம் சொன்னதே கட்டணம். இந்த மக்கள் 1890-இல் தாங்களாகவே வேட்பாளர்களை நிறுத்தினார்கள். 1892-இல் ஆளுநர் பதவியையும் பிடித்தார்கள். அந்த ஆண்டு ஒமாஹாவில் மக்கள் கட்சி வெளியிட்ட கொள்கை அறிக்கை, வருமானத்துக்கேற்ப உயரும் வரி, அஞ்சலகச் சேமிப்பு வங்கி, ரயில்வேயை அரசுடைமையாக்குதல் ஆகியவற்றைக் கேட்டது. அதனுடன் நிறைவேற்றிய தீர்மானங்களில் ரகசிய வாக்கெடுப்பும், மேலவை உறுப்பினர்களை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் முறையும் இருந்தன. வெள்ளியை வரம்பின்றி நாணயமாக அடிக்க வேண்டும் என்ற கோரிக்கையும் இருந்தது. பணப்புழக்கம் பெருகிக் கடன்சுமை குறையும் என்று நம்பிய கடனாளிகளுக்கு அது மந்திரச் சாவியாகத் தோன்றியது, பொருளியலில் அது தாக்குப்பிடிக்கக் கூடியது அல்ல.

அதில் எத்தனை பின்னர் சட்டமாயின என்று பாருங்கள். அஞ்சலகச் சேமிப்புக்கு 1910-இல் சட்டம் வந்தது. வருமான வரியும், மேலவைக்கு நேரடித் தேர்தலும் 1913-இல் அரசியல் சட்டத் திருத்தங்களாயின. வைட் ‘கிறுக்குத்தனம்’ என்ற தோரணையில் எள்ளி நகையாடிய கட்சியின் அறிக்கையிலிருந்து, அந்தத் தலையங்கம் வந்த பதினேழே ஆண்டுகளில் அரசியல் சட்டத்தில் இரண்டு திருத்தங்கள் ஏறின.

ஜூன் 6, காலை 7.05

ஒரு திருத்தம். முந்தாநாள் ஒருவருக்குத் தனியாக எழுதிய பதிலில், அந்தத் தலையங்கம் கேன்சஸில் பாப்புலிஸ்டுகளின் வளர்ச்சியைத் தடுத்து நிறுத்தியது என்று குறிப்பிட்டிருந்தேன். நினைவிலிருந்து எழுதியது, தவறு. 1896 நவம்பரில் மெக்கின்லி நாட்டை வென்றார், ஆனால் கேன்சஸை வெல்லவில்லை. அந்த மாநிலம் பாப்புலிஸ்டுகளும் ஜனநாயகக் கட்சியும் சேர்ந்து நிறுத்திய பிரையனுக்கே வாக்களித்தது. ஆளுநர் பதவிக்கும் பாப்புலிஸ்டுகளின் ஜான் லீடியே வந்தார்.

இந்தப் பிழையைத் திருத்த உட்கார்ந்தபோதுதான் அதன் பொருள் எனக்கு உறைத்தது. தலையங்கத்தைக் கைதட்டி வரவேற்றவர்கள் சிகாகோவிலும் நியூயார்க்கிலும் இருந்தவர்கள், ஏற்கெனவே ஆசிரியரின் கருத்தைக் கொண்டிருந்தவர்கள். யாரை நோக்கி எழுதப்பட்டதோ அவர்கள் மனம் மாறவில்லை.

ஜூன் 8, பிற்பகல் 3.20

‘அப்படியானால் பொய் வாக்குறுதிகளைப் பார்த்து ஆசிரியர் வாய்மூடி இருக்க வேண்டுமா?’ என்று முதல் கருத்தை எழுதியவர் கேட்கிறார். இல்லை. என் கதை ஒன்றைச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன்.

தலையங்கப் பொறுப்பு எனக்கு வந்த இரண்டாம் ஆண்டில், ஒரு பேச்சாளர் ஊர் ஊராகக் கூட்டம் போட்டு வந்தார். கடன் அனைத்தும் ஒரே கையெழுத்தில் தள்ளுபடி ஆகும், ஆறுகளையெல்லாம் ஓர் ஆண்டில் இணைத்துவிடலாம், இதைத் தடுப்பவர்கள் யார் என்று பெயர்ப் பட்டியல் என் சட்டைப் பையில் இருக்கிறது என்று பேசுவார். பட்டியலை எந்தக் கூட்டத்திலும் வெளியில் எடுத்ததில்லை. நான் ஒரு கூட்டத்துக்குப் போனேன். திரும்பி வந்து, இரவு பதினொரு மணிக்கு, அச்சுக்குப் போக நாற்பது நிமிடம் இருக்கையில் எழுதினேன். பேச்சாளரைப் பற்றி நான்கு வரி. மீதி முழுவதும் கூட்டத்தைப் பற்றி. லாரியில் ஏறி வந்தவர்கள், பொட்டலச் சோற்றுக்குக் காத்திருந்தவர்கள், எதைச் சொன்னாலும் விசிலடித்தவர்கள் என்று வருணித்தேன். அலுவலகத்தில் எல்லோரும் பாராட்டினார்கள். எனக்கும் அன்று பெருமையாகவே இருந்தது.

மூன்றாம் நாள் ஒரு பெரியவர் அந்தப் பக்கத்தை மடித்து எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கே வந்தார். சில இடங்களில் சிவப்பு மையால் அடிக்கோடு போட்டிருந்தார். குரலை உயர்த்தவில்லை. ‘அந்த லாரியில் நானும் வந்தேன் ஐயா. அவர் சொல்வது நடக்காது என்று எனக்கும் தெரியும். நாங்கள் நாலு வருசமாகக் கடனுக்காகக் கூட்டுறவுச் சங்க வாசலில் நிற்பதை உங்கள் பேப்பர் ஒரு நாளாவது எழுதியதுண்டா? அவர் ஒருவர்தான் எங்கள் கடனைப் பற்றிப் பேசினார். பொய்யாகவாவது பேசினார்’ என்றார்.

அவர் போன பிறகு நான் பழைய இதழ்களைப் புரட்டினேன். நான்கு ஆண்டுகளில் அந்தப் பகுதியின் கடன் சிக்கல் குறித்து எங்கள் நாளிதழில் வந்தது இரண்டு துண்டுச் செய்திகள். இரண்டும் அதிகாரிகளின் பேட்டி.

இதைத்தான் நான் சொல்ல வருகிறேன். மக்களின் குறை வேறு, அந்தக் குறையை மூலதனமாக்கி வியாபாரம் செய்கிறவர் வேறு. முதலாவதை எழுதாத பத்திரிகைக்கு இரண்டாவதைக் கண்டிக்கும் தகுதி பாதிதான் உண்டு. குறையை நாம் எழுதாமல் விட்ட இடத்தில்தான் அந்தப் பேச்சாளர் மேடை போட்டார்.

ஜூன் 8, இரவு 9.00

மேலே எழுதியதைப் படித்துவிட்டு, நான் அந்தப் பேச்சாளரை நியாயப்படுத்துவதாக இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். இல்லவே இல்லை. அவர் பொய்யர். பட்டியல் எங்கே என்று அடுத்த நாளே பெயர் சொல்லி, பொய்யைப் பொய் என்று சொல்லி, முதல் பக்கத்தில் கேட்டிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை. சோற்றுப் பொட்டலத்தை வருணிப்பதில் என் பத்திகள் தீர்ந்துவிட்டன. அதைத்தான் குற்றம் என்கிறேன்.

ஜூன் 9

சொல்லைப் பற்றிச் சிறு குறிப்பு. பாப்புலிசத்தை ‘வெகுசனவாதம்’ என்றும் ‘ஜனரஞ்சக அரசியல்’ என்றும் எழுதுகிறோம். இரண்டிலும் வெகுசனம்தான் குற்றவாளிபோல் ஒலிக்கிறது. எதிர்க்கப்பட வேண்டியவரை எத்தர், புரட்டர், பித்தலாட்டக்காரர் என்று சொல்ல நம்மிடம் பழைய சொற்கள் இருக்கின்றன. அவை ஆளைச் சுட்டுகின்றன, கூட்டத்தை அல்ல. தலையங்கத்தில் அவற்றைப் பயன்படுத்த நாம் தயங்குவதற்கு அவதூறு வழக்கு மீதான அச்சமும் ஒரு காரணம் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஜூன் 11, காலை 8.40

இனி 1924.

வைட் 1897-இல், பின்னாளில் அதிபரான தியோடர் ரூஸ்வெல்ட்டைச் சந்தித்த பிறகு மெல்ல மெல்ல மாறினார். 1912-இல் ரூஸ்வெல்ட் முற்போக்குக் கட்சி என்ற தனிக் கட்சி தொடங்கியபோது அவருடன் சென்றார். தாம் எள்ளிய கோரிக்கைகளுக்காகத் தாமே எழுதினார். முற்போக்காளர்கள், பாப்புலிஸ்டுகள் குளித்துக்கொண்டிருந்த நேரத்தில் அவர்களுடைய ஆடைகளைத் திருடிக்கொண்டார்கள், வெள்ளி நாணயக் கோரிக்கை என்ற கந்தல் உள்ளாடையை மட்டும் விட்டுவிட்டார்கள் என்ற பொருளில் பின்னாளில் அவர் சொன்ன வாசகம் புகழ்பெற்றது. சிரிக்க வைக்கும் வாக்கியம்தான். ஆனால் அதற்குள் ஒரு வாக்குமூலம் இருக்கிறது.

1921-இல், முகமூடி அணிந்து இயங்கிய வெள்ளையினவெறி அமைப்பான கூ க்ளக்ஸ் கிளானுக்கு ஆள் சேர்க்கும் ஒருவர் எம்போரியாவுக்கு வந்தார். அந்த ஆண்டே ‘கெஜட்’ அதை எதிர்த்து எழுதத் தொடங்கியது. கறுப்பர், கத்தோலிக்கர், யூதர், வெளிநாட்டிலிருந்து குடியேறியவர் ஆகியோரால்தான் நாடு கெட்டது என்பது கிளானின் பேச்சு. முகமூடிக்குப் பின்னால் பத்து டாலர் உறுப்பினர் கட்டணம் வசூலிக்கும் விற்பனை அமைப்பு ஒன்றும் இருந்தது. 1922-இல் லிபர்ட்டி என்ற சிற்றூரில், கிளான் கூட்டத்துக்கு மண்டபம் தர மறுத்த கத்தோலிக்க மேயரைக் கடத்திச் சென்று சாட்டையால் அடித்தார்கள். அவ்வளவு தூரம் நடந்தும், 1924 ஆளுநர் தேர்தலில் குடியரசுக் கட்சியின் பென் பாலன் கிளானின் ஆதரவோடு நின்றார். ஜனநாயகக் கட்சியின் ஜொனதன் டேவிஸும் கிளானைப் பெயர் சொல்லிக் கண்டிக்க முன்வரவில்லை என்பது வைட்டின் குற்றச்சாட்டு. செப்டம்பரில், தேர்தலுக்கு ஏழு வாரங்கள்கூட இல்லாதபோது, 56 வயதில், வைட் சுயேச்சையாக நின்றார்.

அவர் செய்ததைக் கவனியுங்கள். தம் காரில், மகன் உடன்வர, மாநிலம் முழுவதும் சுற்றினார். சிற்றூர்களில் இறங்கிப் பேசினார். 1896-இல் எழுதிக் கொடுத்துவிட்டு ரயிலேறிய மனிதர், இப்போது கிளானில் சேர்ந்திருந்தவர்களின் ஊர்களுக்கே சென்று, அவர்கள் கேட்கும் தூரத்தில் நின்றுகொண்டு, முகமூடி அணிந்த ஒரு கும்பலுக்குக் கடமைப்பட்ட ஆட்சி இந்த மாநிலத்துக்குத் தேவையா என்று கேட்டார். தேர்தலில் தோற்றார், மூன்றாம் இடம். ஆனால் கட்சி இல்லாமல், ஆறு வாரப் பிரசாரத்தில், ஏறத்தாழ 1,50,000 வாக்குகள் பெற்றார். தமக்கு வெற்றி கிடைக்காது என்று தெரிந்தே அவர் இறங்கினார். கிளானைப் பற்றி உரக்கப் பேசலாம் என்று மாநிலத்துக்குக் காட்டுவதுதான் நோக்கம்; அந்த நோக்கம் நிறைவேறியது. 1925 ஜனவரியில், அரசின் அனுமதிப் பத்திரம் இல்லாமல் கிளான் கேன்சஸில் இயங்க முடியாது என்று மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஜூன் 11, இரவு

காலையில் எழுதியதில் வைட்டுக்கு மட்டும் பெருமை போய்ச் சேர்ந்துவிட்டது. அந்த வழக்கை 1922-இல் தொடங்கியவர் ஆளுநர் ஹென்றி ஆலன். அதே ஆண்டு ரயில்வே தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் வைட்டும் ஆலனும் மோதினார்கள்: தொழிலாளர்களை ஆதரிக்கும் சுவரொட்டியைத் தம் அலுவலகச் சன்னலில் ஒட்டியதற்காக, நெருங்கிய நண்பரான ஆலனின் அரசு வைட்டைக் கைது செய்ய ஆணை பிறப்பித்தது. அந்தச் சமயத்தில் பேச்சுரிமை குறித்து வைட் எழுதிய தலையங்கத்துக்குத்தான் 1923-இல் புலிட்சர் பரிசு கிடைத்தது. ஒரு விஷயத்தில் பேச்சுரிமையை ஒடுக்கிய அதே ஆளுநர், இன்னொரு விஷயத்தில் கிளானை நீதிமன்றத்துக்கு இழுத்தார்.

ஜூன் 12

கடினமான கேள்வி ஒன்று வந்திருக்கிறது. ‘1924-லும் வைட் கிளானைக் கேலிதான் செய்தார், போர்வைக்குள் ஒளிந்த கோழைகள் என்றுதான் எழுதினார். 1896-இன் கேலி தவறு, 1924-இன் கேலி சரி என்றால், உங்களுக்குப் பிடித்தவர்களைக் கேலி செய்தால் தவறு, பிடிக்காதவர்களைக் கேலி செய்தால் சரி என்பதுதானே?’

நீண்ட நேரம் யோசித்தேன். முதலில் எனக்குத் தோன்றிய பதில்: 1896-இல் அவர் எள்ளியது மனிதர்களின் கந்தலை, கல்வியின்மையை, வறுமையின் கோலத்தை, 1924-இல் எள்ளியது அவர்கள் தாங்களாக விரும்பி அணிந்த முகமூடியை. கந்தலை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. முகமூடியைத் தேர்ந்தெடுத்தார்கள், பணம் கொடுத்து வாங்கினார்கள்.

இந்தப் பதில் பாதிதான் சரி என்று இப்போது நினைக்கிறேன். கிளானில் சேர்ந்தவர்களிலும் கடன்பட்டவர்கள், பயந்தவர்கள் இருந்தார்கள். அக்கம்பக்கத்துக் கடைக்காரரும் தேவாலயப் போதகரும் இருந்தார்கள். அவர்களுடைய பயத்துக்கும் ஏதோ காரணம் இருந்திருக்கும். ஆனால் பாப்புலிஸ்டுகள் தங்கள் குறைக்குத் தீர்வாக வரியையும் ரயில்வேயையும் கேட்டார்கள். தங்களை விட எளியவர் ஒருவரை அடிக்க வேண்டும் என்று அந்த அறிக்கை கேட்கவில்லை. சட்டத்தின் வழி கேட்கப்படும் கோரிக்கை, எவ்வளவு விபரீதமாக ஒலித்தாலும், ஆசிரியரிடமிருந்து விவாதத்தைப் பெறும் உரிமை உடையது. சாட்டைக்கு அந்த உரிமை இல்லை. இந்தப் பதில் கேள்வி கேட்டவருக்குப் போதுமா என்று தெரியவில்லை. எனக்கு இதற்கு மேல் எட்டவில்லை.

ஜூன் 15, காலை 7.30

‘எத்தர் என்று ஒருவரை அச்சில் சொல்ல முடியுமா?’ என்ற கேள்விக்கு அதே கேன்சஸிலிருந்தே பதில் உண்டு.

ஜான் ஆர். பிரிங்க்லி என்பவர் மில்ஃபோர்டு என்ற சிற்றூரில் மருத்துவமனை நடத்தினார். ஆண்மை திரும்பும் என்று சொல்லி, ஆட்டுக்கிடாயின் விதைச் சுரப்பியை மனிதருக்குள் வைத்துத் தைப்பது அவர் சிகிச்சை. கட்டணம் 750 டாலர். 1923-இல் சொந்த வானொலி நிலையம் தொடங்கினார். நேயர்களின் கடிதங்களைப் படித்து, ஆளைப் பார்க்காமலேயே, எண் இட்ட மருந்துகளை வானொலியில் பரிந்துரைத்தார். அந்த மருந்துகளை விற்ற கடைகளிலிருந்து அவருக்குப் பங்கு வந்தது. ‘கேன்சஸ் சிட்டி ஸ்டார்’ நாளிதழ் இதை விரிவாக ஆராய்ந்து எழுதியது. 1930 செப்டம்பரில் மருத்துவ வாரியம் அவருடைய உரிமத்தைப் பறித்தது. சில நாட்களில் அவர் ஆளுநர் பதவிக்குப் போட்டியிடுவதாக அறிவித்தார்.

வாக்குச் சீட்டில் பெயர் அச்சாகும் காலக்கெடு முடிந்திருந்தது. வாக்காளர்கள் அவர் பெயரைத் தாங்களே கையால் எழுத வேண்டும். அதுவும் எழுத்துப் பிசகாமல். அப்படியும் 1,83,278 வாக்குகள் எண்ணப்பட்டன. எழுத்துப் பிழைக்காகக் கழிக்கப்பட்டவை ஆயிரக்கணக்கில். வென்றவருக்கு 2,17,171. இரண்டாம் இடத்தவருக்கு அதைவிட 251 வாக்குகளே குறைவு. 1932-இல் பெயர் அச்சான சீட்டில் மீண்டும் நின்று 2,44,607 வாக்குகள் வாங்கினார். வைட்டின் ஆதரவு பெற்ற ஆல்ஃப் லாண்டன் 2,78,581 வாக்குகளோடு தப்பிப் பிழைத்தார். அந்த லாண்டன் 1924-இல் வைட்டுக்காகப் பிரசாரம் செய்தவர்.

பின்னர் பிரிங்க்லி டெக்சஸுக்குப் போனார். அமெரிக்க மருத்துவச் சங்க இதழின் ஆசிரியர் மோரிஸ் ஃபிஷ்பைன் அவரை எத்தர் என்று அச்சில் எழுதினார். பிரிங்க்லி அவதூறு வழக்குப் போட்டார். 1939-இல், பிரிங்க்லி செல்வாக்கோடு வாழ்ந்த ஊரிலேயே, நடுவர் குழு ஆசிரியரின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அந்தச் சொற்களின் சாதாரணப் பொருளிலேயே அவரை எத்தர் என்றும் போலி மருத்துவர் என்றும் கொள்ளலாம் என்று மேல்முறையீட்டிலும் உறுதியானது. ஃபிஷ்பைன் வென்றதற்குக் காரணம் அவர் நடையின் கூர்மை அல்ல. பல ஆண்டுகளாகச் சேர்த்துவைத்த நோயாளிகளின் விவரங்களும் பட்டங்களின் வரலாறும் கையில் இருந்தன. என் பேச்சாளரின் சட்டைப் பைப் பட்டியலைப் பற்றி நான் அப்படி ஒரு தாளைக்கூடச் சேர்க்கவில்லை.

ஜூன் 15, இரவு 11.10

காலைக் குறிப்பில் ‘ஸ்டார்’ நாளிதழைப் பற்றிச் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு, விட்டது நேர்மையல்ல. அந்த நாளிதழுக்கும் சொந்தமாக ஒரு வானொலி நிலையம் இருந்தது. பிரிங்க்லியின் நிலையம் அதற்குப் போட்டி. தொழில் பொறாமையால் எழுதுகிறார்கள் என்று பிரிங்க்லி சொன்னபோது, கேட்டவர்கள் நம்பினார்கள். செய்தி உண்மை, எழுதியவர்களுக்கு ஆதாயமும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும், அதில்தான் புரட்டர்கள் புகுந்துகொள்கிறார்கள். ஆதாயத்தைப் பத்திரிகை தானே முதல் பத்தியில் சொல்லிவிட்டால் அவர்களுக்கு அந்த வாசல் அடைபடும்.

இன்னொன்று. மாவட்டத்துக்கு ஓர் ஏரி வெட்டுவேன் என்பது பிரிங்க்லியின் வாக்குறுதி. கேலிக்கு ஆளான வாக்குறுதி அது. வறட்சியில் வதங்கும் மாநிலத்தில் ஏரி கேட்பதில் கேலிக்கு என்ன இருக்கிறது? அதே பத்தாண்டில் அரசுத் திட்டங்கள் கேன்சஸில் ஏரிகளை வெட்டின. அந்த மனிதர் போலி. அவர் தொட்டுப் பேசிய தாகம் போலியல்ல.

ஜூன் 19

வைட்டை நான் புனிதராக்குகிறேன் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படித் தோன்றியிருந்தால் இதையும் சேர்த்துப் படியுங்கள்.

1928 அதிபர் தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் ஆல் ஸ்மித், கத்தோலிக்கர். நியூயார்க் சட்டமன்றத்தில் அவர் முன்பு அளித்த வாக்குகளை எடுத்துக்காட்டி, மதுக்கடைகளையும் சூதாட்டத்தையும் விபசாரத்தையும் காத்தவர் என்று வைட் குற்றம் சாட்டினார். பிறகு சூதாட்டம், விபசாரம் பற்றிய பகுதியைத் திரும்பப் பெற்றார். நான்கு ஆண்டுகளுக்கு முன் கத்தோலிக்கரைக் காக்க ஊர் ஊராகச் சென்றவர்தான் இப்படிச் செய்தார். திரும்பப் பெற்றது நல்லதே; ஆனால் குற்றச்சாட்டு போன தூரத்துக்குத் திருத்தம் போயிருக்காது என்பது செய்தி மேசையில் உட்கார்ந்த எவருக்கும் தெரியும். குற்றச்சாட்டு முதல் பக்கத்திலும், திருத்தம் உள்பக்கத்து மூலையிலும் வருவதுதான் எங்கள் தொழிலின் பழக்கம். நானும் அப்படித் திருத்தங்களை ஒதுக்கியிருக்கிறேன்.

ஒவ்வொரு நான்கு ஆண்டிலும் மூன்றரை ஆண்டுகள் வைட் தம் பக்கம் இருக்கிறார் என்று அன்றைய அதிபர், ஜனநாயகக் கட்சியின் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 1936-இல் எம்போரியாவில் நகைச்சுவையாகச் சொன்னார். மீதி ஆறு மாதம், அதாவது தேர்தல் காலம், வைட் பெரும்பாலும் தம் குடியரசுக் கட்சிக்காரராகிவிடுவார். 1924 அந்த வழக்கத்துக்கு விலக்கு. அதிலும் ஆளுநர் தேர்தலில் மட்டும்தான். அந்த விலக்கின் அருமை எனக்குப் பெரிதாகத் தெரிவது இதனால்தான்.

ஜூன் 23

வைட்டை மாற்றியது தியோடர் ரூஸ்வெல்ட்டா, வயதா என்று கேட்டவருக்கு. என்னிடம் உறுதியான பதில் இல்லாததால் ஒரு செய்தியை மட்டும் வைக்கிறேன். 1921 மே மாதம் அவருடைய மகள் மேரி, 16 வயதில், குதிரை மேல் சென்றபோது மரக்கிளையில் தலை மோதி இறந்தாள். அவளைப் பற்றி ‘கெஜட்’டில் வைட் எழுதியது இன்றும் படிக்கப்படுகிறது. பள்ளியில் கறுப்பின மாணவியருக்கு ஓய்வறை இல்லை என்று தெரிந்து, அதற்காக அவள் தொடர்ந்து போராடியதை அதில் பதிவு செய்திருக்கிறார். அந்த ஆண்டுதான் கிளானுக்கு எதிரான முதல் தலையங்கமும் வந்தது. இரண்டையும் நான் முடிச்சுப் போடவில்லை. ஒரே ஆண்டு என்பதை மட்டும் சொல்கிறேன்.

ஜூலை 2, இரவு 8.45

முதல் கருத்தை எழுதியவர் நேற்று மீண்டும் வந்து, 1896 தலையங்கத்தை இனி பாடமாகக் காட்ட வேண்டாமா என்று கேட்டிருக்கிறார். காட்டுங்கள். வைட்டே அதை ஒளிக்கவில்லை. தம் சுயசரிதையில் அது பிறந்த விதத்தையும் தம் அன்றைய மனநிலையையும் எழுதிவைத்தார். 1944-இல் அவர் இறந்து இரண்டு ஆண்டுகளுக்குப் பின் அந்த நூல் வெளிவந்தது. பாடமாகக் காட்டும்போது, அந்த நவம்பரில் கேன்சஸ் எப்படி வாக்களித்தது என்பதையும் ஒமாஹா அறிக்கையையும் அருகில் வையுங்கள், அவ்வளவுதான்.

என் பழைய தலையங்கத்தையும் தேடி எடுத்துவிட்டேன். பெரியவர் அன்று அந்தத் தாளை என் மேசையிலேயே விட்டுச் சென்றிருந்தார். கோப்பு ஒன்றின் அடியில் இருந்தது. மடிப்பில் கிழிந்திருக்கிறது, சிவப்பு மை பழுப்பாகிவிட்டது. ஏழு இடங்களில் கோடு போட்டிருக்கிறார். பேச்சாளரைப் பற்றிய அந்த நான்கு வரிகளில் ஒன்றின் கீழ்கூடக் கோடு இல்லை. நாளை முழுவதையும் தட்டச்சு செய்து, அவர் கோடிட்ட இடங்களைத் தடித்த எழுத்தில் காட்டி, இங்கே இடுகிறேன்.